மீண்ட மருந்தாளர் துணையாளராக: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குடியை விட்ட ஒருவர் துணையாளராக இன்னொருவரை மீட்கப் போகும்போது தன் கதையைத்தான் கொண்டுபோகிறார். அந்தக் கதையில் பாதிதான் அவருக்கே தெரியும். எந்த ஊசி, எவருடைய சம்பளம், எந்த மேலதிகாரியின் பொறுமை தன்னைத் தாங்கியது என்பது அதில் அநேகமாக வராது. "மனம் வைச்சன், விட்டன்" என்பது மட்டும் வரும். மற்றப் பாதி தெரியாமல் போனதால் என்ன பிழைத்தது, அதை எப்படிச் சீராக்கினார்கள் என்பதே இந்த ஆய்வு.

"க" என்று இங்கே குறிக்கப்படுபவர் தனி ஒருவர் அல்லர். போதையிலிருந்து மீண்டு அதே துறையில் உதவப் போகும் தொழில்வல்லுநர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்த நிகழ்வு இது. வயது, குடும்பம், பணியிடம் எதுவும் எவரையும் சுட்டாது. மருந்தளவுகள் வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கப்படுபவை. வீட்டில் பார்த்து எடுப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல.

ஆளும் அளவும்

க, 44 வயது, அரச வைத்தியசாலை ஒன்றில் மருந்தாளர். மனைவி ஆசிரியை, பிள்ளைகள் இருவர். இருபதுகளின் தொடக்கத்தில் நண்பர்களோடு பியர், பிறகு சனி ஞாயிறில் சாராயம், 35 வயதளவில் நாள்தோறும் அரைப்போத்தல். சேர்க்கப்பட்டபோது உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்வி வினாக்கொத்தில் 40க்கு 29 புள்ளி. 8 வந்தாலே ஆபத்தான குடி; 20ஐத் தொட்டால் சார்புநிலை என்று ஐயுற்று முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

குடிப்பவரும் வீட்டாரும் "கால்", "அரை" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். கிராமாக மாற்றினால்தான் நிலைமை தெரியும். அரைப்போத்தல் 375 மி.லீ. சாராயம் 33.5 விகிதம், மதுசாரத்தின் அடர்த்தி 0.789 என்று கொண்டால், 375 × 0.335 × 0.789, ஏறக்குறைய 99 கிராம் தூய மதுசாரம். கால்போத்தல் 180 மி.லீ., ஏறக்குறைய 48 கிராம். தவறணைக் கள்ளை 5 விகிதம் என்று வைத்தால் 750 மி.லீ. போத்தலில் 30 கிராம் வரும். "கள்ளுத்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி" என்று மூன்று போத்தல் குடித்துவிட்டு வருகிறவர், தான் ஏளனமாகப் பார்க்கிற சாராயக்காரருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கள்ளத்தனமாகக் காய்ச்சும் கசிப்புக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒவ்வொரு அளவு.

க விடியற்காலையில் கை நடுங்க ஆரம்பித்ததும் செய்ததுதான் அவருடைய நிகழ்வைச் சிக்கலாக்கியது. காலையில் குடித்தால் மணக்கும் என்பதால், பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் டயசிபாம் 5 மி.கி. குளிசை இரண்டு போட்டார். ஒரு வருடத்தில் அது நாளொன்றுக்கு 20 மி.கி. ஆனது. மதுவும் டயசிபாமும் மூளையில் ஏறக்குறைய ஒரே பூட்டைத் திறப்பவை, ஆகவே ஒன்று மற்றதன் நடுக்கத்தை மறைக்கும். சாதாரணக் குடிகாரர் பிடிபடுகிற இடத்தில் மருந்தாளர் பிடிபடமாட்டார். "அளவு எனக்குத் தெரியும்" என்ற நினைப்பு அவரை மற்றவர்களைவிடச் சில வருடம் கூடுதலாக ஒளித்து வைக்கும். சுகாதாரத் துறையினருக்கு அறிவு பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. இந்த நோயில் அது மறைப்பு.

அவர் பிடிபட்டதற்கு வெசாக் காரணம். போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டு. வெசாக்குக்கு அடுத்தடுத்து இரண்டு நாள். வழமையாக முதல்நாளே இரட்டிப்பாக வாங்கி வைப்பவர், அந்த முறை வீட்டுக்கு உறவினர் வந்ததால் வாங்கவில்லை. குளிசையைக் கூட்டினார். அடுத்த வாரம் இருப்புச் சரிபார்ப்பில் டயசிபாம் கணக்கு இடித்தது. 21 குளிசை எழுதிய சீட்டுக்கு 30 கொடுத்ததாகப் பதிவு, பல இடத்தில் ஒரே கையெழுத்து.

இந்த இடத்தில் நிர்வாகம் எடுத்த முடிவே பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒழுக்காற்று விசாரணை நிறுத்தப்படவில்லை, சிகிச்சையும் அதற்காகக் காத்திருக்கவில்லை. இரண்டும் சேர்ந்து நடந்தன. விசாரணையை மூடி மறைத்திருந்தால் அவர் திரும்பக் குடித்திருப்பார். வேலையை உடனே பறித்திருந்தால் சிகிச்சைக்கு வந்திருக்கவே மாட்டார்.

விடுதியில்

குடியை நிறுத்தி 6 முதல் 24 மணித்தியாலத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள். மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்த கடும் நிலை 48 முதல் 96 மணித்தியாலத்துக்குள். மூன்றாம் நாள் "இப்ப தெளிவாக இருக்கிறார்" என்று வீட்டார் துண்டு வெட்டி வீட்டுக்குக் கூட்டிப்போவது வைத்தியசாலை விடுதிகளில் எல்லோரும் பார்த்த காட்சி. கெட்ட கட்டம் அப்போதுதான் வரவிருக்கும்.

க மது, டயசிபாம் இரண்டுக்கும் அடிமை. மது நிறுத்தத்தின் கடுமையை அளக்கும் சீவா அளவுகோல் இப்படிப்பட்டவரிடம் ஏமாற்றும். டயசிபாம் நிறுத்தத்தின் அறிகுறிகள் பிந்தி வந்து நீண்டு நிற்கும். ஆகவே புள்ளி பார்த்து மருந்து கொடுக்காமல் நிலையான அட்டவணை போட்டார்கள். முதல் நாள் டயசிபாம் 15 மி.கி. நான்கு தரம், 7ஆம் நாளில் மொத்தம் 20 மி.கி. அதற்குப் பிறகு கிளினிக்கில் இரண்டு கிழமைக்கு 2 மி.கி. வீதம் குறைப்பு. முடிய ஏறக்குறைய ஐந்து மாதம். அவசரப்பட்டு இதை மூன்று கிழமையில் முடிக்கப் பார்ப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. நித்திரை கெட்டு, பதற்றம் ஏறி, ஆள் சாராயத்துக்கே திரும்புவார்.

தயமின் (விற்றமின் பி1) 200 மி.கி. ஊசியாக 5 நாள், பிறகு குளிசை. குளுக்கோசுக்கு முன்னர் தயமின் என்ற ஒழுங்கு மாறக்கூடாது. "வெறி முறிய ஒரு சேலைன் ஏத்துங்கோ" என்று தனியார் சிகிச்சை நிலையங்களில் கேட்டு வாங்கும் பழக்கம் ஊரில் உண்டு. நீண்ட நாள் சோறில்லாமல் குடித்தவருக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏறினால் மூளை பாதிப்படையலாம்: கண் சரியாக அசையாது, நடை தள்ளாடும், ஆள் குழம்புவார். வெளியே பார்த்தால் வெறி மாதிரியே இருக்கும், அதனால் தவறவிடுவார்கள்.

குடிக்கப் போனால் உடம்பு தாக்கும்படி செய்யும் டைசல்பிராமை க தானே கேட்டார். உடனே கொடுக்கவில்லை. டயசிபாம் உடலை விட்டுப் போவதை அது தாமதப்படுத்தும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஆள் தூங்கி வழிவார். ஈரல் பரிசோதனையும் இதயப் பதிவும் பார்த்து, குளிசைக் குறைப்பு முடிந்ததும், ஆறாவது மாதத்தில்தான் 250 மி.கி. தொடங்கியது.

வேலைக்குத் திரும்பியது

வட அமெரிக்காவில் போதைக்கு அடிமையான மருத்துவர்களுக்கென்று நலத் திட்டங்கள் உண்டு. 5 வருட ஒப்பந்தம், முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனை, தவறினால் என்ன நடக்கும் என்பது முதலே எழுத்தில். 16 திட்டங்களில் 904 மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், ஏறக்குறைய 78 விகிதத்தினர் 5 வருடத்தில் ஒரு பரிசோதனையிலும் பிடிபடவில்லை. மருத்துவர்களின் மனவுறுதிக்குச் சான்றாக இதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. எமக்கு அப்படித் தெரியவில்லை. திரும்பிப் போக ஒரு வேலை, நீண்ட கண்காணிப்பு, உறுதியான விளைவு ஆகிய மூன்றும் ஒரு மேசனுக்கும் கிடைத்தால் என்ன விகிதம் வரும் என்பதே கேள்வி.

கவுக்கு அதன் சிறு வடிவம் ஒன்று அமைந்தது. இரண்டாவது மாதம் வேலைக்கு வந்தார், ஆனால் கட்டுப்பாட்டு மருந்து அலுமாரியின் திறப்பு அவரிடம் இல்லை. டயசிபாம் உள்ள எந்தச் சீட்டுக்கும் இரண்டு கையெழுத்து. காலை 7.30க்கு மூச்சுப் பரிசோதனை. உடல் மணிக்கு 7 முதல் 10 கிராம் மதுசாரத்தைத்தான் எரிக்கும். இரவு 9 மணிக்கு முடித்த அரைப்போத்தல் காலை 7.30க்கும் காட்டிக்கொடுக்கலாம். பின்னேரம் 5 மணிக்குக் குடித்த கால்போத்தல் தப்பிவிடும். அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருதரம் இரத்தத்தில் ஜி.ஜி.ரி. (ஈரல் நொதியம்), எம்.சி.வி. (சிவப்பணுவின் பருமன்). முதலாவது குடியை விட்ட சில கிழமைகளில் இறங்கும். இரண்டாவது இறங்க இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். ஒன்று இறங்கி மற்றது இன்னும் உயர்ந்திருந்தால் ஆள் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது. டைசல்பிராம் தொடங்கிய பிறகு அதையும் தினமும் காலை தலைமை மருந்தாளர் முன்னிலையில் விழுங்கினார். மனைவியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை, வீட்டில் அவர் பொலிஸ் ஆகிவிடுவார்.

சக ஊழியர்கள் "கள்வனிட்டையே திறப்பைக் குடுக்கப் போறியளோ" என்று பகிடி விட்டார்கள். பதில் சொல்லக் க முயன்ற காலமெல்லாம் பகிடி கூடியது. ஒரு வருடத்தில் தானாக அடங்கியது.

முதல் சுற்று: என்ன பிழைத்தது

ஏழாவது மாதமே க பிறருக்கு உதவப் போனார். எவரும் தடுக்கவில்லை, எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. ஒன்பது பேர் அவரிடம் வந்தார்கள். சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார், இரவு 11 மணிக்கும் அழைப்பு வந்தது. இருவருக்குக் காசு கைமாற்றுக் கொடுத்தார். அவர்கள் திருப்பித் தர வழியில்லாமல் கிளினிக்குக்கே வராமல் விட்டார்கள். கதை சொல்லத் தொடங்கினால் 40 நிமிடம் போகும். கேட்பவர் தலையாட்டுவார், தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் எழும்பிப் போவார்.

ஒன்பதாவது மாதம் நடந்தது வேறு வகை. 38 வயது மேசன் ஒருவர், தினமும் கசிப்பு. க வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரிடம் சொன்னது: "நான் விட்டனான். உன்னாலையும் ஏலும். இண்டையோடை விடு." மேசன் விட்டார். ஞாயிறு காலை, ஏறக்குறைய 38ஆவது மணித்தியாலம், கிணற்றடியில் வலிப்பு. வீட்டார் கையில் இரும்புத் திறப்புக் கொத்தைத் திணித்தார்கள், பல்லை நெம்பி வாயில் சோடா ஊற்றினார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது, சோடா நுரையீரலுக்குள் போகும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைப்பது, தலைக்குக் கீழே சாரத்தையோ துவாயையோ மடித்து வைப்பது, வாயில் எதுவும் வைக்காமல் விடுவது, 1990 அம்புலன்ஸை அழைப்பது. மேசன் பிழைத்தார். நாக்கில் தையல், நெஞ்சில் சளி, 12 நாள் கூலி போய்விட்டது.

க பொய் சொல்லவில்லை. "நான் விட்டனான்" என்பது உண்மைதான். ஆனால் அவர் விட்டது 7 நாள் விடுதியில், முதல் நாளே 60 மி.கி. டயசிபாமோடு. விடுமுறை நாட்களுக்கும் சம்பளம் வந்தது, மனைவியின் சம்பளமும் வந்தது. மேசனுக்கு வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். மருந்தாளர் தன் மீட்சியில் மருந்தையே மறந்துபோனார் என்பது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் மீண்டவர்களிடம் இது பொதுவான மறதி. துன்பம் நினைவிருக்கும், மனவுறுதி நினைவிருக்கும், தாங்கியது நினைவிருக்காது.

இந்தத் துறையின் பழைய கதையிலும் இது உண்டு. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கியது. தொடக்கிய இருவரில் ஒருவரான பொப் ஸ்மித் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10 என்று அந்த அமைப்பு கொண்டாடுகிறது. அந்தக் கடைசிக் குடி ஒரு பியர். அன்று சத்திரசிகிச்சை இருந்ததால் கைநடுக்கம் நிற்க அதைக் கொடுத்தவர் மற்றத் தொடக்குநரான பில் வில்சன். விடுவதற்கு முன் கையை நிதானப்படுத்தியாக வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது.

நிறுத்தச் சொல்லும் முன்

மேசனுக்குப் பிறகு க 15 மாதம் எவரையும் தனியே சந்திக்கவில்லை. உளவளத்துணையாளரோடு அமர்ந்து பார்த்தார், குறிப்பெடுத்தார். இரண்டு வருடம் நிறைவதற்கு முன்னர் மீண்டவரை இந்த வேலையில் தனியே விடக்கூடாது என்பது எமது கருத்து. இரண்டு வருடம் கழிந்ததும் எல்லாம் சரி என்றும் இல்லை.

திரும்ப வந்தபோது எவருக்கும் "விடு" என்று சொல்லும் முன்னர் கேட்க வேண்டியவை மனப்பாடம். முன்பு எப்போதாவது விட்டபோது வலிப்பு வந்ததா? காலையில் கை நிற்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா? வேறு குளிசை ஏதும் போடுகிறாரா? கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார்? முதல் மூன்றில் ஒன்றுக்கு "ஓம்" வந்தாலும் அவர் வீட்டில் தானாக நிறுத்தக்கூடாது, கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். படுக்கை கிடைக்கும் வரை திடீரென்று நிறுத்தாமலிருப்பதே பாதுகாப்பு. "குடியை விடாதே" என்று ஒரு மீண்டவர் வாயால் சொல்வது கவுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. பயிற்சியில் மிக நீண்ட நேரம் எடுத்ததும் அதுதான்.

சந்திப்பு 45 நிமிடம். தன் கதை 3 நிமிடத்துக்கு மேல் இல்லை, அதுவும் எதிரில் இருப்பவர் கேட்டால். அதில் தாங்கியவற்றைச் சொல்லியாக வேண்டும்: ஊசி, விடுதி, சம்பளம், மேலதிகாரி. தொலைபேசி விடுதியுடையது, பின்னேரம் 4 முதல் 6 வரை. மற்ற நேரத்துக்கு 1926 என்ற உளநல இலக்கமும், போதைப்பொருளுக்கு 1927உம் எழுதிய அட்டை. காசு கொடுப்பதில்லை. சொந்த ஊர், சொந்தக்காரர் எடுப்பதில்லை. "ஆற்றை மோன்?" என்று கேட்டால் இரண்டாவது பதிலில் உறவு வந்துவிடுகிற குடாநாட்டில் இந்த விதியைக் காப்பது எளிதல்ல, கவின் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு வேறொருவருக்கு மாற்றப்பட்டது. வீதியில் கண்டால் அவர் முதலில் சிரித்தாலன்றி இவர் சிரிப்பதில்லை.

வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்க வேண்டும். இது உபசாரத்துக்குச் சொல்வதல்ல. கள் இறக்கும் குடும்பங்களின் வீடுகளில் உத்தியோகத்தர்கள் தண்ணீர் தொடாமல் எழும்பிப் போன வரலாறு அந்த வீடுகளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாங்கிக் குடிக்காதவர் சொல்லும் எதுவும் அங்கே ஏறாது.

கூலிக்காரருக்கு விடுதி நாட்களைத் திட்டமிடுவது தனி வேலை. மேசனுக்கு இரண்டாம் முறை அனுமதி மழைகாலத்தில், கட்டட வேலை குறைந்த கார்த்திகையில் வைக்கப்பட்டது. மேஸ்திரியோடு க பேசவில்லை, மேசனே பேசினார். என்ன சொல்வது என்று இருவரும் முதல்நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். "வயித்துப் புண், ஒரு கிழமை வாட்டிலை நிக்க வேணும்." பொய்தான். மேசன் தெரிந்தெடுத்த பொய். அதைத் திருத்துவது துணையாளரின் வேலை அல்ல.

தேத்தண்ணிக் குளிசை

மருந்தாளர் ஒருவர் துணையாளர் ஆனால் அவரிடம் வரும் கோரிக்கையே வேறு. வலிகாமத்தில் ஒரு வீடு. 32 வயது மின்வேலைக்காரர், தாயோடு இருப்பவர். மகன் வெளியே போன நேரம் தாய் கேட்டது:

"தம்பி, உங்களுக்கு உந்தக் குளிசையள் எல்லாம் தெரியும்தானே. ருசி தெரியாத ஒண்டு இருக்காம். தேத்தண்ணியிலை கரைச்சுக் குடுத்தா வெறுத்துப் போகுமாம்."

"அம்மா, அது வெறுக்க வைக்கிற குளிசை இல்லை. அவருக்குத் தெரியாமல் குடுத்துப்போட்டு, அவர் போய்க் குடிச்சால் நெஞ்சு அடைச்சு ஆளே போயிடும். அவருக்குச் சொல்லாமல் நான் ஒண்டும் தரமாட்டன்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

தாய் கேட்டது டைசல்பிராம். மதுசாரம் உடலில் அசிற்றல்டிகைட்டாக மாறி, அங்கிருந்து மேலே சிதைவதை அது தடுக்கிறது. குடித்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தியும் மூச்சுத் திணறலும் வரும். இரத்த அழுத்தம் விழும். இதயநோய் இருப்பவர் இறக்கக்கூடும். குளிசையை நிறுத்தி 14 நாள் வரை இந்த அபாயம் நிற்கும். குடிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தப் பயம் மருந்தாகும். தெரியாவிட்டால் அது நஞ்சு வைத்ததற்குச் சமம். தெரிந்து எடுப்பவருக்கும் சொல்ல வேண்டியவை உண்டு. இருமல் பாணிகள் சிலவற்றில் மதுசாரம் இருக்கும். சித்த, ஆயுர்வேத அரிஷ்டங்களில் நொதித்தலால் தானாக உண்டான மதுசாரம் இருக்கும். "மூலிகைதானே" என்று அதைக் குடித்துவிட்டு முகம் சிவந்து வருபவர்கள் உண்டு. மெற்றோனிடசோல் என்ற வயிற்றுக் குளிசையையும் இதனோடு சேர்க்கக் கூடாது.

தாயின் கேள்விக்குக் க கொடுத்த வேலை மூன்று. மகன் வெறியில் வரும்போது கதைக்காமல், காலை முதல் தேத்தண்ணியோடு கதைப்பது. கடைக்காரர் கேட்டு வந்தால் மகனின் குடிக்கடனைக் கட்டாமல் விடுவது. சமையலறைக் கலண்டரில், திகதிக்குக் கீழே, அன்று எவ்வளவு என்று கால், அரை, முழு எனக் குறிப்பது. மூன்றாவதுதான் வேலை செய்தது. ஐந்து கிழமைக்குப் பிறகு மகனே கலண்டரைப் பார்த்துவிட்டு "இது கூடப் போட்டிருக்கிறியள்" என்று சண்டைக்கு வந்தார். கணக்கைப் பற்றிச் சண்டை பிடிக்கிறவர் கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கிளினிக்குக்கு முதல்தரம் வந்தது அந்தக் கலண்டரோடு.

கவின் அனுபவம் செல்லாத இடம்

குடாநாட்டில் இப்போது இளைஞர்கள் வருவது சாராயத்தோடு மட்டும் அல்ல. ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெற்றமின்), நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் குளிசை. மதுவிலிருந்து மீண்டவர் இவற்றுக்குத் தன் நினைவிலிருந்து பேசினால் ஆபத்து. ஹெரோயினை விட்டால் 8 முதல் 12 மணித்தியாலத்தில் மூக்கோட்டம், உடம்புளைவு, வயிற்றோட்டம். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம். ஒரு கிழமையளவில் தணியும். மது நிறுத்தம் போல அது வழமையாக உயிரை எடுக்காது. உயிரை எடுப்பது அதற்குப் பிறகு. பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடும். மறியலிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வந்த ஆள் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஐஸுக்கு மாற்று மருந்தென்று ஒன்று இல்லை. விட்ட முதல் நாட்களில் ஆள் தொடர்ந்து தூங்குவார், வீட்டார் நிம்மதி என்று நினைப்பார்கள். அதற்குப் பின்னர் வரும் மனச்சோர்விலும் தற்கொலை எண்ணத்திலும் ஆளைத் தனியே விடக்கூடாது. பிரிகாபலினைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இந்த வகையில் வருகிறவர்களைக் க முதல் சந்திப்பிலேயே விடுதிக்கு அனுப்பிவிடுகிறார். மருந்தாளர் என்ற முறையில் அவருக்கு இவை தெரியும். மீண்டவர் என்ற முறையில் தெரியாது. இரண்டையும் கலக்காமலிருக்க அவர் பழகிய வசனம்: "இது நான் படிச்சது, பட்டது இல்லை."

சறுக்கல்

மூன்று வருடமும் நான்கு மாதமும் ஆனபோது, அவர் அனுப்பிவைத்த 23 வயது இளைஞர் ஒருவர் மிகைமருந்தால் இறந்தார். க செத்தவீட்டுக்குப் போனார், எட்டாம் நாள் சடங்கான எட்டுக்கும் போனார். அந்தக் கிழமை மேற்பார்வைச் சந்திப்புக்கு வரவில்லை. அதற்கு முந்திய மூன்று மாதமும் தன் சொந்தக் கூட்டத்துக்கு, அதாவது தான் உதவி பெறுகிற கூட்டத்துக்கு, அவர் போயிருக்கவில்லை. பிறரைச் சந்திப்பதையே தன் கூட்டமாகக் கணக்கு வைத்துக்கொண்டார். உதவுபவர்களிடம் முதலில் தேடிப் பார்க்க வேண்டிய அறிகுறி இதுதான். நடுக்கமோ மணமோ வருவதற்கு மாதங்கள் முன்னரே இது வரும்.

எட்டு முடிந்த இரவு, உறவினர் வீட்டில் இருந்த டயசிபாம் இரண்டை எடுத்தார். குடிக்கவில்லை. நான்காம் நாள் மேற்பார்வையாளரிடம் தானே சொன்னார். சொன்னதால் தண்டனை குறையவில்லை, ஒப்பந்தத்தில் எழுதியபடியே நடந்தது: துணையாளர் வேலை மூன்று மாதம் நிறுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை கிழமைக்கு இரண்டு, இரட்டைக் கையெழுத்து இன்னும் ஒரு வருடம். அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களுக்கு என்ன சொல்வது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. சிலர் "சுகமில்லை" என்று சொல்வோம் என்றார்கள். முடிவில் கவே ஒவ்வொருவரையும் அழைத்து இரண்டு வசனத்தில் சொன்னார். ஏழு பேரில் ஒருவர் விலகினார். அந்த மேசன், அப்போது 14 மாதம் குடியாதவர், கேட்டது ஒரே கேள்வி: "யாரிட்டை முதல் சொன்னனீங்கள்?"

செத்தவீடு, அந்தியேட்டி, கலியாணத்துக்கு முதல்நாள் இரவு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்து வரும் உறவினர் பையில் இருக்கும் போத்தல்: இவை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவை. க இப்போது தன்னிடம் வருபவர்களோடு செய்யும் திட்டத்தில் எந்த வீட்டுக்கு, யாரோடு, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவது, கையில் என்ன குடிபானம் வைத்திருப்பது வரை எழுதப்படுகிறது. கடைசி வரியில் ஒரு பெயர், தவறிவிட்டால் முதலில் சொல்ல வேண்டியவருடையது. தன் திட்டத்தில் அந்தப் பெயரை அவர் முன்பு எழுதியிருக்கவில்லை.

தற்போதைய நிலை

ஐந்தாவது வருடம். ஜி.ஜி.ரி., எம்.சி.வி. இரண்டும் வழமை எல்லைக்குள். டைசல்பிராம் மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் மேற்பார்வை. அவரைப் பற்றி அரை மணித்தியாலம் பேசிய பிறகுதான் அவரிடம் வருபவர்களைப் பற்றிப் பேச்சு. ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எடுப்பதில்லை. மேசன் அடுத்த வருடம் பயிற்சிக்கு வரலாம். அவருக்கு அமர்வுக் கொடுப்பனவு கொடுக்க வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது, ஏனென்றால் கூலி நாளொன்றை விட்டுத்தான் அவர் வர முடியும். கட்டுப்பாட்டு மருந்து அலுமாரியின் திறப்பைக் கவுக்குத் திரும்பக் கொடுப்பதா என்ற கோவை நிர்வாகத்தின் மேசையில் இருக்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பவர் க.